கொள்ளு மேல் ஏறிய விமானம்

பல்லடத்துக்குத் தெற்கே, சோளத்தட்டு அறுத்த காடுகளுக்கு நடுவே போகிற ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். கோழிப்பண்ணையை விட்டுக் கிளம்பி நெடுநேரம் ஆகியிருந்தது. பண்ணையின் வாசனை மட்டும் என்னை விடாமல் கூடவே வந்தது.

சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. வளர்ந்த கோழிகளை லாரிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இனிக் கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காயவிடுவார்கள். அதுவரை ஆளுக்கு வேலை இல்லை. அடுத்த குஞ்சு இறங்கும்போது வந்துவிடு என்றார் பண்ணைக்காரர். சரிங்க என்றேன். நான் வரமாட்டேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பஸ்ஸில் ஏறத்தான் செய்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க தம்பி, கோழிப்பண்ணைங்களா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் நீ நாறுகிறாய் என்று சொல்வதானாலும் அதற்கு ஒரு 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன்.

தை முடிந்து மாசி பிறக்கிற சமயம். காலையில் பனி, கொஞ்சம் பொழுது ஏறினால் நல்ல வெயில். பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் உடுமலைப் பக்கம் என்று சொல்லியிருப்பேன். உடுமலையில் எனக்கு யாரையும் தெரியாது.

தட்டு கழுவிய காலம்

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர், எப்போதுதான் ஐயா ஒரு வேலையில் நிலைத்தீர்கள் என்று கேட்டிருந்தார். நிலைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவன், அதற்குப் பிறகும் எல்லா இடத்திலும் பாதியில்தான் எழுந்து வந்திருக்கிறேன். விசைத்தறிக் கொட்டகை, லாரியில் கிளீனர், காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் வாளி தூக்குகிற வேலை. நடுநடுவே பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். டவுன் பஸ் நிற்கிற பக்கம் கொசு அதிகம், வெளியூர் பஸ் நிற்கிற பக்கம் போலீஸ் அதிகம். வேறு வித்தியாசம் இல்லை.

பீளமேட்டில் ஒரு மெஸ்ஸில் தட்டு கழுவினேன். காலேஜ் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களும் சாப்பிடுகிற இடம். விமான நிலையம் பக்கத்திலேயே. இறங்குகிற விமானம் மெஸ்ஸின் கூரைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும். சாப்பிடுகிறவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். கையில் சோப்பு நுரை, அதில் பீங்கான் தட்டு.

மெஸ்காரர் நல்ல மனுஷர். மூன்றாவது தட்டு உடைந்தபோதுதான் வாயைத் திறந்தார். "ஏரோப்ளேனு நாளைக்கும் வருமப்பா. தட்டு வராது."

அதற்குப் பிறகு எவர்சில்வர் தட்டு வாங்கிப் போட்டார். என்னை நிறுத்தவில்லை. நான்தான் நின்றுகொண்டேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தவன் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன விமானத்தின் வாலைப் பார்த்ததும் ஏன் நின்றேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா.

காட்டுக்கு நடுவே ஒரு தார்ப்பட்டை

எந்தக் காலத்திலோ ஒரு மில் முதலாளி தன் சொந்த விமானம் இறங்குவதற்காகப் போட்ட ஓடுபாதை அது. மில் மூடி, முதலாளியும் போய், பாதை மட்டும் வெயிலில் கிடந்திருக்கிறது. பிறகு ஒரு பயிற்சிப் பள்ளிக்காரர்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒரு பெரிய தகரக் கொட்டகை, இரண்டு பேர் உட்காருகிற குட்டி விமானங்கள் இரண்டு, ஒரு ஜீப், வெள்ளைச் சட்டை போட்ட மாணவர்கள் ஏழெட்டுப் பேர். சுற்றிலும் சோளமும் கொள்ளும் தென்னையும்தான்.

கேட்டில் காவலுக்கு ஒரு அம்மா இருந்தார். செல்லாத்தா என்று பெயர். காவலாளிகள் போடுகிற நீலச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டியிருந்தார். தண்ணீர் கேட்டேன்.

"மோரே இருக்குது, குடிங்க தம்பி. கோழிப்பண்ணைங்களாட்ட இருக்குது?"

ஆமாங்க என்றேன். காற்று அடிக்கிற பக்கம் பார்த்து உட்காரச் சொன்னார். அதாவது, என் வாசனை அவர்மேல் அடிக்காத பக்கம்.

கேட்டோரம் நான் உட்கார்ந்த சிறு பாலத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. கொட்டகையிலிருந்து ஓடுபாதைக்குப் போக ஒரு குறுகலான தார்வழி. அதன் நடுவில், கணுக்கால் உயரத்துக்கு, பாய் விரித்தமாதிரி கொள்ளுச் செடி காய்ந்துகொண்டிருந்தது. வேரோடு பிடுங்கி, காய் வெடிக்கிற பதத்துக்கு நன்றாகக் காய்ந்த கொடி.

வேலியோரம் செல்லாத்தாவுக்குக் குத்தகைக்கு ஒரு துண்டு மானாவாரிக் காடு இருந்தது. அதில் விளைந்த கொள்ளு. எல்லா வருஷமும் வெளியே ரோட்டில்தான் போடுவாராம். ரோட்டை அகலப்படுத்தியதிலிருந்து போடவிடுவதில்லை. இவருக்கு உள்ளேயே ஒரு தார்வழி இருந்தது, கேட்டின் சாவியும் இடுப்பில் இருந்தது.

இன்றைக்குக் காற்று சரியில்லை, பறக்கப்போவதில்லை என்று முதல் நாள் பொழுதோடு சொல்லியிருந்தார்களாம். ஜீப் எப்படியும் நான்கு தரம் போய்வரும், அதற்குள் கொள்ளு உதிர்ந்துவிடும் என்பது செல்லாத்தாவின் கணக்கு.

ஏறிப் போங்க

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டும். எங்கள் பக்கம் கொள்ளு, எள்ளு, சோளக்கதிர் எல்லாவற்றையும் ரோட்டில் பரப்புவார்கள். காய்வதற்கு மட்டும் இல்லை. போகிற வண்டிகள் அதன்மேல் ஏறிப் போகவேண்டும். மாடு கட்டி மிதிக்கவிடுகிற வேலையை பஸ்ஸும் லாரியும் செய்துகொடுக்கும். விலகிப் போனால் காட்டுக்காரருக்கு மனசு கஷ்டப்படும். ஓரமாக நின்று, "ஏறிப் போங்க, ஏறிப் போங்க" என்று கை காட்டுவார்கள்.

நான் கிளீனராக இருந்த லாரியின் டிரைவர் இதில் பெரிய தர்மவான். கொள்ளைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, ஓரத்தில் உதிராமல் கிடப்பதைப் பார்த்து அந்தப் பக்கமாக டயரை விடுவார். ஆள் தெரிந்தவர் என்றால் ரிவர்ஸ் எடுத்து இன்னொரு தரம். பதிலுக்கு ஒரு சொம்பு மோர் வரும். டவுன் பஸ்ஸில் போகிறவர்களும் அந்த ஒரு நிமிஷத்துக்கு எதுவும் சொல்லமாட்டார்கள். பைக்கில் போகிறவர்கள் மட்டும் காலை இரண்டு பக்கமும் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள். கொள்ளு வழுக்கும். ஒரு பேங்க் ஆபீசர் கருமத்தம்பட்டிப் பக்கம் விழுந்து எழுந்து, முழங்கையைத் தடவிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் காயணுமுங்க என்று சொல்லிவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பிறந்ததிலிருந்து இதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, கொள்ளு என்றால் ஏறு என்றுதான் கால் சொல்லும்.

தரணி

மோர் குடித்து முடிக்கவில்லை, கொட்டகையில் எஞ்சின் சத்தம் கேட்டது. காற்று நின்றுவிட்டது என்று கேப்டன் மனசை மாற்றிக்கொண்டாராம். செல்லாத்தாவிடம் யாரும் சொல்லவில்லை.

கேப்டன் என்பவர் பாலக்காட்டுக்காரர், பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர். அன்றைக்கு அவர் ஒரு மாணவியைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் பறப்பதற்குத்தான் ஏறியிருந்தார். ஏறியவர் என்ன நினைத்தாரோ, இறங்கிக் கதவைச் சாத்தி, இன்றைக்கு நீ மட்டும் போ என்று சொல்லிவிட்டார். முதல் முதலாகத் தனியாகப் போகிற நாளை அவர்கள் முன்கூட்டிச் சொல்வதில்லையாம். சொன்னால் ராத்திரி தூங்கமாட்டார்கள்.

அந்த மாணவிதான் தரணி. பொங்கலூர்ப் பக்கத்துப் பெண். அப்பா முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார்.

விமானம் தார்வழியில் மெதுவாக ஆடி ஆடி வந்தது. கொள்ளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கணம் தயங்கினமாதிரி எனக்குப் பட்டது. அந்தக் கணத்தில் செல்லாத்தா என்ன செய்தார் தெரியுமா. ஜீப்பை எதிர்பார்த்திருந்தவர், ஏரோப்ளேனே வருவதைப் பார்த்துப் பூரித்துப்போய், வழியோரம் போய் நின்று இரண்டு கையாலும் அழைத்தார்.

"வா கண்ணு, வா. மேலயே ஏத்து."

எஞ்சின் சத்தத்தில் அது தரணிக்குக் கேட்டிருக்காது. கை தெரிந்திருக்கும். கொள்ளும் தெரிந்தது.

ஏற்றிவிட்டாள்.

முதலில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. விமானத்தின் மூக்கு விசிறி அடித்த காற்றில் தும்பும் தூசியும் பொன்னிறமாகக் கிளம்பி வால் பக்கமாகப் பறந்தது. செல்லாத்தா சிரித்தார். பிறகு கொடிகள் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தன. விமானம் திணறியது, தரணி எஞ்சினைக் கூட்டினாள். ஒரு பக்கச் சக்கரம் கொடியில் இறுகி நின்றது, மறு பக்கச் சக்கரம் உதிர்ந்த கொள்ளின்மேல் வழுக்கியது. வண்டி பக்கவாட்டில் திரும்பி, தாரை விட்டு இறங்கி, மழைத்தண்ணீர் போகிற பள்ளத்தில் மூக்கை வைத்தது. விசிறி மண்ணைக் கடித்து நின்றது. வால் மேலே தூக்கிக்கொண்டது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. மேலே போன கொள்ளு மட்டும் தகரத்தில் மழை விழுகிறமாதிரி இறக்கையின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. தரணி தானாகவே இறங்கினாள். நெற்றியில்கூட ஒரு கீறல் இல்லை. நானும் செல்லாத்தாவும் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, "எங்கப்பனுக்குச் சொல்லீராதீங்க" என்பதுதான்.

அப்பாவின் நிபந்தனை

ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை மெக்கானிக் ஸ்டீபன் அண்ணன் பிறகு என்னிடம் விளக்கினார்.

தரணியின் அப்பா கந்தசாமி மகளை இங்கே சேர்க்க லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நல்ல இடத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கியிருக்கிறாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டாராம். உனக்கோ வண்டிக்கோ சின்ன அடி பட்டாலும் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடவேண்டும். இவளும் சரிங்கப்பா என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

அதோடு, அவர் வாரத்துக்கு ஒரு தரம் முட்டை வேனில் இந்த வழியாக வருவார். வருகிறபோது கேட்டில் நிறுத்தி மகளை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவார். அன்றைக்கு அவர் வருகிற நாள்.

நிறுத்தலையா

கேப்டன் ஓடி வந்தார். முதலில் தரணியின் கை, கழுத்து, கண் எல்லாம் பார்த்தார். பிறகு விமானத்தைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து ஒரு கொடியைத் தூக்கிப் பார்த்து, "எந்தா இது?" என்றார்.

"கொள்ளுங்க" என்றார் செல்லாத்தா.

அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தரணியிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"முன்னால ஏதோ கிடக்குதுன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க கேப்டன்."

"என்னன்னு தெரிஞ்சுதா?"

"கொள்ளுன்னு தெரிஞ்சுதுங்க."

"பின்னே ஏன் நிறுத்தலை?"

தரணி கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல வராத பிள்ளை. "கொள்ளுன்னு தெரிஞ்சதாலதானுங்க நிறுத்தலை."

கேப்டனுக்கு விளங்கவில்லை. ஸ்டீபன் அண்ணனைப் பார்த்து, நீ பைக்கில் போகிறாய், ரோட்டில் இப்படிக் கிடக்கிறது, என்ன செய்வாய் என்று கேட்டார். மெதுவாக ஏற்றிப் போவேன் என்றார் அவர். கூடியிருந்த மாணவர்களைக் கேட்டார். சென்னைப் பையன் ஒருவன் மட்டும் நிறுத்துவேன் என்றான். மற்றவர்கள் எல்லாம் ஏற்றுகிற கட்சி. கடைசியாக என்னையும் கேட்டார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது, இருந்தாலும் கேட்டார். லாரியில் இருந்தவனுங்க, திரும்பி வந்து இன்னொரு தரம் ஏற்றுவோமுங்க என்றேன்.

"இந்த ஊரில ஒருத்தனுக்கும் நிறுத்தணும்னு தோணாதா?"

செல்லாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "நிறுத்திப்போட்டா கொள்ளு எப்படீங்க உதிரும்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. விமானத்தின் பக்கம் போய், சாய்ந்து கிடந்த கதவு வழியாகத் தலையை உள்ளே விட்டு நெடுநேரம் பார்த்தார். ஸ்டீபன் அண்ணனும் எட்டிப் பார்த்தார். பெட்ரோல் வால்வு மூடியிருந்தது. கரண்ட் அணைத்திருந்தது. சாவி உள்ளே இல்லை. அது தரணியின் கைக்குள் இருந்தது. இவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. விரலைப் பிரித்தபோது உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது.

மூக்கு மண்ணில் குத்திய வேகத்தில் இதையெல்லாம் வரிசையாகச் செய்துவிட்டு இறங்குவது லேசில்லை, நிறையப் பேர் கதவைத்தான் முதலில் தேடுவார்கள் என்று ஸ்டீபன் அண்ணன் என் காதில் சொன்னார்.

கேப்டன் சாவியை வாங்கிக்கொண்டார். "நாளைக்கு இந்த வழியில ஏதாவது கிடந்தா?"

"நிறுத்தீருவேனுங்க."

"ஓரத்தில நின்னு ஏறிப்போ, ஏறிப்போன்னு கை காட்டினா?"

தரணி செல்லாத்தாவைப் பார்த்தாள். "அப்பவும் நிறுத்தீருவேனுங்க. அவங்க கோவிச்சுக்குவாங்க. பரவாயில்லீங்க."

கேப்டன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாளை விடிகாலை மற்ற வண்டியில் என்னோடு ஒரு சுற்று, சரியாக வந்தால் நான் இறங்கிக்கொள்கிறேன் என்றார். ஆனால் உன் அப்பாவிடம் நடந்ததை நானே சொல்லுவேன், அவர் அழைத்துப் போனால் நான் தடுக்கமுடியாது என்றும் சொன்னார்.

பிறகுதான் எல்லாரையும் பார்த்துச் சத்தம் போட்டார். பொழுது சாய்வதற்குள் இந்த வழியில் ஒரு மணி கொள்ளு கிடக்கக்கூடாது. ஒரு மணி.

வெள்ளைச் சட்டைக்காரர்களின் களத்துமேடு

அந்த மதியத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

செல்லாத்தா தன் வீட்டிலிருந்து சீமாறு, மொறம், சாக்கு எல்லாம் எடுத்து வந்தார். தோளில் பட்டை குத்திய வெள்ளைச் சட்டைக்காரர்கள் குனிந்து பெருக்க ஆரம்பித்தார்கள். ஏற்றுகிற கட்சிக்குச் சீமாறு பிடிக்கத் தெரிந்திருந்தது. சென்னைப் பையன் கொள்ளைப் பள்ளத்துக்குள் பெருக்கித் தள்ளினான். செல்லாத்தா அவன் கையில் ஒரு சாக்கைக் கொடுத்து, "நீங்க வாயைத் தொறந்து புடிச்சுட்டு நில்லுங்க கண்ணு. சாக்கோட வாயை" என்றார்.

கேப்டனும் நின்று பார்க்கவில்லை. பேண்ட்டை மடித்துவிட்டு, தார் விரிசலில் மாட்டிய மணிகளைக் குச்சியால் நோண்டி எடுத்தார். அவர் சேர்த்தது ஒரு கை அளவு. அதைக் கொண்டுவந்து சாக்கில் போட்டபோது செல்லாத்தா, "நல்லா இருங்க" என்று வாழ்த்தினார். இரண்டு பேருக்கும் அதற்கு முன் பேச்சு சுமுகமாக இல்லை.

ஒன்று ஒப்புக்கொள்ளவேண்டும். விசிறிக் காற்று அடித்த இடத்தில் கொள்ளைத் தூற்றவே வேண்டியிருக்கவில்லை. தும்பு எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம். இத்தனை சுத்தமாக நான் எந்தக் களத்திலும் பார்த்ததில்லை. இதைச் செல்லாத்தா உரக்கச் சொல்லப்போனார். ஸ்டீபன் அண்ணன் கண்ணைக் காட்டி நிறுத்தினார்.

தரணி குனிந்த தலையோடு பெருக்கிக்கொண்டிருந்தாள். ரோட்டில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் நிமிர்ந்து கேட்டைப் பார்ப்பாள்.

முட்டை வேன்

வேன் வந்தது. கந்தசாமி இறங்கினார். வேட்டி, கட்டம் போட்ட சட்டை, காதில் ஒரு பீடி. அவருக்கு என் வாசனை தெரியவில்லை. அவர்மேலும் அதே வாசனைதான்.

பள்ளத்துக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்த விமானத்தின் வாலைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். கண் மட்டும் ஒவ்வொரு முகமாகத் தேடி, சீமாறோடு நின்ற மகளிடம் வந்து நின்றது. மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒரு மூச்சு விட்டார்.

கேப்டன் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். காற்று, கொள்ளு, கை காட்டியது, மகள் ஏற்றியது, சாவி. கந்தசாமி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் ஒரு மாணவன் மொறத்தைத் தலைகீழாகப் பிடித்துப் புடைத்துக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து அதை வாங்கி, தரையில் குந்தி, கொள்ளைப் புடைக்க ஆரம்பித்தார். கல் ஒரு பக்கம், கொள்ளு ஒரு பக்கம். ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"நல்லாக் காஞ்சிருக்குது."

"ஆமாங்க" என்றார் செல்லாத்தா. அந்த ஒரு தரம்தான் அவர் குரல் இறங்கிக் கேட்டேன். "பாப்பா மேல தப்பில்லீங்க. நாந்தான் ஏத்தச் சொன்னேன்."

"நீங்க சொல்லாட்டியும் அவ ஏத்தியிருப்பாளுங்க. என்ற வேன்ல ஓட்டிப் பழகுனவ."

நாங்கள் எல்லாரும் பெருக்குகிறமாதிரி நின்றுகொண்டிருந்தோம். ஒருவர் கையும் அசையவில்லை. தரணி அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பெட்டி கட்டிப்போடட்டுங்களாப்பா?"

அவர் மொறத்தை நிறுத்தவில்லை. "பயந்துட்டியா கண்ணு?"

"பயமில்லீங்கப்பா. கோவமா வருது."

"ஆரு மேல?"

"எம் மேலதான். நின்னிருக்கோணும். கொள்ளைப் பார்த்ததும் நம்ம வேன்னு நெனச்சுப்போட்டேன்."

கந்தசாமி மொறத்தைக் கீழே வைத்தார். வாலைத் தூக்கிக்கொண்டிருந்த விமானத்தை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இன்னிக்கு உன்னைக் கூட்டீட்டுப் போனா, நீ அப்பறம் என்ற வேனைக்கூடத் தொடமாட்டே. நாளைக்கு ஏரோப்ளேனை எடுத்துப்போட்டு வா. அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

தரணி அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் எழுந்து போய், இன்னும் பெருக்காமல் கிடந்த பக்கத்தைப் பெருக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை சீமாறு போட்ட சத்தம் வேறுமாதிரி இருந்தது.

கந்தசாமி அன்றைக்கு ஊருக்குப் போகவில்லை. முட்டையைக் கடைகளில் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். செல்லாத்தா புதுக்கொள்ளை வேகவைத்துக் கடைந்து, மிளகாயும் பூண்டும் தாளித்து, எல்லாருக்கும் சோறு போட்டார். சென்னைப் பையன் மூன்று தரம் வாங்கினான். கேப்டன் வேண்டாம் என்றார். பிறகு தட்டை நீட்டினார்.

நீ யாரு

சாப்பிட்டு முடித்துப் பையை எடுத்தபோதுதான் கேப்டன் என்னைப் பார்த்து, நீ யாரு என்று கேட்டார்.

அன்று முழுக்க நான் செல்லாத்தாவின் உறவுக்காரன் என்று அவர் நினைத்திருக்கிறார். செல்லாத்தா நான் மாணவர்களோடு ஒட்டிக்கொண்டேன் என்று நினைத்திருக்கிறார். கந்தசாமி என்னைப் பள்ளி ஆள் என்று நினைத்து, மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு முட்டை அட்டையே கொடுத்திருந்தார். வழிப்போக்கனுங்க, தண்ணி குடிக்க வந்தேன் என்றேன். கேப்டன் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

படிப்பு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். கண் நன்றாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். வேகமாக நடப்பாயா என்று கேட்டார். அதைத்தானுங்க இத்தனை நாளாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்றேன்.

விடிந்ததும் வேலைக்கு வந்துவிடு என்றார். கேட்டுப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டேன். குளிக்கச் சொன்னார்கள், குளித்தேன்.

பச்சைக் கொடி

வேலை இதுதான். விடிந்ததும் தார்வழியையும் ஓடுபாதையையும் முழுக்க நடக்கவேண்டும். கல், குச்சி, கொள்ளு எது கிடந்தாலும் பொறுக்கவேண்டும். நாய், மயில் எது நின்றாலும் விரட்டவேண்டும். பிறகு வழியின் தலைப்பில் நின்று பச்சைக் கொடியைத் தூக்கவேண்டும். நான் தூக்காமல் எந்த வண்டியும் நகராது. கேப்டனே உட்கார்ந்திருந்தாலும்.

புல்லெல்லாம் பனி. நடந்து முடித்துத் திரும்பியபோது முழங்கால்வரை நனைந்திருந்தேன். கேப்டனும் தரணியும் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். கொட்டகை முன்னால் விமானம் நின்றது, ஒரு பக்கக் கதவு திறந்தது, கேப்டன் இறங்கினார். கதவைச் சாத்தி அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஜீப்பை நோக்கி நடந்தார்.

விமானம் என்னை நோக்கி வந்தது. எனக்கு நல்ல தூரம் தள்ளியே நின்றுவிட்டது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, சக்கரம் அசையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் தரணியின் முகம் தெரிந்தது. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்தனையோ பஸ்ஸுக்கும் லாரிக்கும் கை காட்டியிருக்கிறேன். நின்றது கொஞ்சம்தான். இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன். மறுபடியும் இடப்பக்கம்.

"தூக்குங்க தம்பி, எத்தனை நேரம்" என்று கேட்டிலிருந்து செல்லாத்தா சத்தம் போட்டார்.

எனக்குச் சரி என்று பட்ட பிறகுதான் தூக்கினேன்.

அவள் போனாள். ஓடுபாதையின் கோடியில் திரும்பி, ஓடி, பாதி தூரத்திலேயே தரையை விட்டுவிட்டாள். தென்னைகளுக்கு மேலே ஏறி, வெயில் பட்டு ஒரு தரம் மின்னி, இடப்பக்கமாகத் திரும்பினாள். கந்தசாமி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு, கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றார்.

எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே ஒரு மயில் வேலி தாண்டி வந்து, ஓடுபாதையின் நடுவில், தன் சொந்தக் காடு மாதிரி, நின்றுகொண்டது. நான் ஓடினேன். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. கொடியை வீசிக்கொண்டு, வாயில் வந்ததை எல்லாம் கத்திக்கொண்டு. மயில் என்னைப் பார்த்தது, கொஞ்சம் நடந்தது, மறுபடியும் நின்றது. ஒரு செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது போதாமல் இன்னொன்றையும் எறிந்தேன். அகவிக்கொண்டு பறந்து போய்ச் சோளக்காட்டில் விழுந்தது.

நான் ஓரத்துக்கு வந்து மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் தரணி இறங்கிவிட்டாள். இரண்டு சக்கரமும் ஒன்றாக, சத்தமே இல்லாமல், என்னைத் தாண்டிப் போனாள். அந்தக் காற்றில் என் கொடி படபடத்தது.

கொட்டகைப் பக்கம் போனபோது கந்தசாமி போனில் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "எறங்கீட்டா. ஆமா, ஒத்தையாத்தான். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்குச் சித்தப் பொறுக்கச் சொல்லு."

கேப்டன் ஜீப்பை என் பக்கத்தில் நிறுத்தினார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். என் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்கே?"

"ஓடுபாதையில கெடக்குதுங்க கேப்டன்."

"பின்னே ஏன் இங்க நிக்கறே? போய் எடு. அடுத்த பையன் ஏறப்போறான்."

வெறுங்காலோடு ஓடினேன்.